பின்வரிசையில் இரண்டு பிள்ளைகள்

நம் நெமிலிச்சேரியில் மதரஸா விட்டுப் பிள்ளைகள் வெளியே வரும்போது கவனியுங்கள். நடக்கச் சிரமப்படும் ஒரு பிள்ளையும், தந்தையை இழந்து கடை வேலைக்குப் போகும் ஒரு பிள்ளையும் சேர்ந்து போனால், "பாவம், ஒருவருக்கொருவர் துணை" என்கிறோம். மற்றவர்கள் சேர்த்துக்கொள்ளாததால் சேர்ந்தவர்கள் அவர்கள் என்பதைச் சொல்ல மாட்டோம்.

மதீனாவிலும் இருவர் இருந்தார்கள். பிலால் (ரலி) மக்காவில் அடிமையாகச் சுடுமணலில் வதைபட்டவர். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பார்வையற்றவர். 80ஆவது அத்தியாயமான 'அபஸ' இறங்கியது அவரை முன்னிட்டுத்தான். நபி (ஸல்) அவர்கள் இவர்களைப் பின்வரிசையில் சேர்த்து உட்கார வைக்கவில்லை. பாங்கு சொல்லும் பொறுப்பை இருவருக்கும் கொடுத்தார்கள். பிலாலின் பாங்கு கேட்டாலும் ஸஹர் சாப்பிடலாம். இப்னு உம்மி மக்தூமின் பாங்கு கேட்டால் நிறுத்த வேண்டும். ஒருவர் இறங்குவார், மற்றவர் ஏறுவார், அவ்வளவுதான் இடைவெளி என்று முஸ்லிமில் வருகிறது.

விடியலைக் காண முடியாதவரிடம் விடியலை அறிவிக்கும் வேலை! விடிந்துவிட்டதென்று மக்கள் சொன்ன பிறகே அவர் பாங்கு சொல்வார் என்கிறது புகாரி. அவருக்கு ஊராரின் கண் தேவைப்பட்டது; ஊராரின் நோன்புக்கு அவருடைய குரல் தேவைப்பட்டது. இதில் யார் யாருக்கு உதவி செய்தது?

அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவரையாவது பாங்கு சொல்ல நாம் அழைத்திருக்கிறோமா? படி ஏறாமல் உளூச் செய்யும் இடத்துக்குப் போக வழி இருக்கிறதா? ஜும்ஆ முடிந்ததும் நிர்வாகிகள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.