ஓடுவோனும் ஓரத்தில் நிற்போனும்

உபோசத நாளில் எட்டுச் சீலங்களை மேற்கொள்ளும் உபாசகர், ஆடல் பாடல்களையும் வேடிக்கைக் காட்சிகளையும் விலக்குவதாக ஏழாவது சீலத்தில் உறுதி கூறுகின்றனர். இதனை நினைவிற்கொண்ட ஒருவர், நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தைத் தெருவோரத்தில் நின்று காண்பது பௌத்தருக்குத் தகுமா என்று வினவக்கூடும். உபோசத நாளில் அவ்விரதத்தை உள்ளபடியே காத்தல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஏனைய நாட்களிலோ, கண் எதனைக் காண்கிறது என்பதைவிட, காணும்போது மனம் எதனைச் செய்கிறது என்பதே ஆராயத்தக்கது. காண்பதாலும் ஒருவன் அறத்தில் வளரக்கூடுமா? இதுவே நம் முன் நிற்கும் வினா.

மாரத்தான் எனப்படும் பெரும் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இத்தூரமே 1921-இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. இதனை ஓடி முடித்தவனுடைய தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. தசையிலும் ஈரலிலும் சேமித்திருந்த சர்க்கரைச் சத்துப் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. வலியோ அன்றைவிட மறுநாளும் அதற்கடுத்த நாளுமே மிகுகின்றது. படிக்கட்டில் இறங்குவதும் அரிதாகின்றது. உடல் தன்னைச் செப்பனிட்டுக் கொள்ளச் சில வாரங்கள் வேண்டும். எலும்போ தசைநாணோ பழுதுபட்டிருப்பின் மாதங்களும் ஆகலாம். அந்நாட்களில் அவன் ஓடுதல் கூடாது. தோழர்கள் ஓடுவதை ஓரத்தில் நின்று காணவே இயலும். காலின் நோவை அவன் எளிதில் தாங்குகிறான். “யான் நிற்க, அவர்கள் ஓடுகிறார்களே” என்னும் மனத்தின் நோவே அவனுக்குப் பெரிதாகிறது.

ஓய்வு முயற்சிக்குப் பகை என்று எண்ணுவதே இந்நோவின் வேர். இவ்வெண்ணத்தை நீக்கச் சோணருடைய வரலாறு ஒன்றே போதும். சம்பா நகரத்துப் பெருஞ்செல்வர் மகனாகப் பிறந்த சோணர், துறவு பூண்டு இராசகிருகத்தை அடுத்த சீதவனத்தில் தங்கினார். மென்மையான பாதங்களை உடைய அவர், இடைவிடாது நடந்து நடந்து தியானம் பயின்றதால் பாதங்கள் வெடித்து, நடைபாதை குருதியால் நனைந்தது. அத்துணை முயன்றும் பயன் காணாமையால், இல்லறத்திற்கே திரும்பலாமோ என்று மனம் தளர்ந்தார். அப்போது பகவான் புத்தர் அவரிடம் வந்து, அவர் முன்பு வாசித்துப் பழகிய வீணையைப் பற்றி வினவினார். நரம்பை மிக முறுக்கினும் இசையில்லை, மிகத் தளர்த்தினும் இசையில்லை என்பதை அவர் வாயினாலேயே கூறச் செய்து, முயற்சியும் அவ்வாறே சமநிலையில் அமைதல் வேண்டும் என்று உணர்த்தினார். முயற்சியைக் கைவிடுமாறு ததாகதர் கூறவில்லை. அதனைச் சுருதி சேர்க்குமாறே கூறினார். சோணரும் அவ்வழி நின்று அருகத நிலை எய்தினார். ஆகவே ஓய்ந்திருக்கும் ஓட்டக்காரன் முயற்சியினின்று விலகியவன் அல்லன்; அவன் நரம்பைச் சுருதி சேர்த்துக் கொண்டிருப்பவன்.

நிற்க. இனி, காண்போன் நிலையைப் பார்ப்போம். பண்டைக் கிரேக்க ஞானி பிதாகரஸ், பெருவிளையாட்டு விழாவுக்கு வருவோரை மூவகையாகப் பிரித்தார் என்று ரோமானிய அறிஞர் சிசரோ எழுதியுள்ளார். புகழ் நாடிப் போட்டியிட வருவோர் ஒரு வகையினர். பொருள் நாடி வாணிகம் செய்ய வருவோர் மற்றொரு வகையினர். யாதொன்றும் வேண்டாது காண்பதற்கென்றே வருவோர் மூன்றாம் வகையினர். அவருள் காண்போரே மேலானவர் என்பது அவர் கருத்து. யாதொன்றும் வேண்டாது காண்போர் மேலானவராகலாம். ஆனால் அவ்வாறு காண்போர் எத்துணைப் பேர்?

பிரம விகாரங்கள் நான்கு: மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை. இவற்றுள் முதிதை என்பது பிறருடைய ஆக்கங் கண்டு உவத்தல். துன்புறுவோனைக் கண்டு இரங்குதல் பலர்க்கும் இயல்பு. தன்னினும் முந்திச் செல்வோனைக் கண்டு மகிழ்தலோ அரிது. விசுத்திமக்கம் இயற்றிய புத்தகோஷர், முதிதைக்குப் பகைகள் இரண்டு என்பர். மனக்கசப்பு தூரத்துப் பகை. அது பகையென எளிதில் தெரியும். பற்றைச் சார்ந்த களிப்பு அண்மைப் பகை. அது முதிதையைப் போலவே வேடம் பூண்டு வருவதால் அறிவது கடினம். காஞ்சியில் வாழ்ந்ததைத் தம் உரைநூல் ஒன்றின் இறுதியில் குறிப்பிடும் இப்பெரியார் வகுத்த பிரிவு, பந்தயம் காண்போர்க்கு மிகப் பொருந்துவதாகும்.

அண்மைப் பகை யாது செய்யும் என்பதற்கு ஜப்பானியர் கோகிச்சி சுபுரயாவின் வாழ்வைக் காண்க. 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானில் அவர் இரண்டாமவராக அரங்கினுள் நுழைந்தார். சொந்த நாட்டு மக்கள் பல்லாயிரவர் ஆர்ப்பரித்துக் கொண்டிருக்கும்போதே பிரிட்டன் வீரர் ஒருவர் அவரை முந்தினார். அவர்க்குக் கிட்டியது மூன்றாம் இடம். உலகில் மூன்றாமவராக வந்த அம்மனிதர், தம் நாட்டு மக்கள் முன் பொறுக்கலாகாத பிழை செய்துவிட்டதாகவே கருதினார். பின்னர் இடுப்பு நோவால் துன்புற்றார். அடுத்த ஒலிம்பிக் நடைபெறவிருந்த 1968-ஆம் ஆண்டின் ஜனவரியில், 27-ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஒருவருடைய மரணத்திற்கு ஒரே காரணம் கற்பித்தல் தகாது. ஆயினும் காண்போர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் கைதட்டுவது ஓடுகின்ற அம்மனிதனுக்காகவா, அன்றி அவன் வாயிலாகப் பெருமை தேடும் என் ‘நான்’ என்னும் பற்றுக்காகவா? பின்னதாயின் அஃது உவகை அன்று. ஓடுவோன் முதுகில் ஏற்றப்பட்ட சுமையே ஆகும்.

தூரத்துப் பகையாகிய மனக்கசப்புக்கு எல்லாக் காரணமும் இருந்த ஒருவரையும் காண்போம். எத்தியோப்பிய நாட்டு அபேபே பிகிலா 1960-ஆம் ஆண்டு ரோம் நகரில் வெறுங்காலுடன் ஓடி மாரத்தானில் வென்றார். 1964-இல், குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்து ஆறு வாரங்களும் நிறையாத நிலையில், டோக்கியோவில் மீண்டும் வென்றார். ஒலிம்பிக் மாரத்தானில் இருமுறை வென்ற முதல் மனிதர் அவரே. 1968-இல் மெக்சிகோ நகரில் கால் பழுதுபட்டுப் பாதி வழிக்கு முன்பே விலகினார்; அன்று வென்றவர் அவர் நாட்டவரான மாமோ வோல்டே. 1969-இல் மோட்டார் விபத்தொன்றில் சிக்கி இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். இங்கிலாந்தில் சிகிச்சை பெறுகையில், கால்கள் ஓய்ந்தபின் கைகளால் வில்வித்தை பயின்றார். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கிற்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பெற்று, சக்கர நாற்காலியில் அமர்ந்து மாரத்தானைக் கண்டார். தம் சாதனைக்கு நிகர் செய்யக்கூடிய வோல்டே அன்று ஓடினார், மூன்றாமவராக வந்தார். வென்ற அமெரிக்கர் பிராங்க் ஷார்ட்டர், தம் பதக்கத்தைப் பெற்றபின் பிகிலாவின் கரத்தைப் பற்றிக் குலுக்கினார். ஓடவியலாதவர் கையும் ஓடி வென்றவர் கையும் இணைந்த அக்கணத்தில் தோற்றவர் எவர்? 1973-இல் பிகிலா மறைந்தார். வென்ற ஓட்டங்களுக்காக உலகம் அவரைப் போற்றுகின்றது. காணவந்த அந்த ஒரு நாளுக்காகவும் நாம் போற்றலாம்.

இங்கே ஒரு தடை எழும். “ஓரத்தில் நின்று பிறர் ஆக்கங் கண்டு மகிழுங்கள் என்று எமக்கா உபதேசிக்கின்றீர்? தலைமுறை தலைமுறையாக எம் முன்னோர் ஓரத்தில் நிறுத்தப்பட்டவர் அன்றோ? ஊர்த்தெருவில் காலணி அணிந்து நடக்கவும் விடாமல், அதனைக் கையில் ஏந்திச் செல்லச் செய்தனரே. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடப்பதற்கென்றே 1924-இலும் 1925-இலும் போராட வேண்டியிருந்ததே” என்று நம்மவர் கேட்பின், அக்கேள்வி முற்றும் நியாயமானதே.

விடை இது. ஓரத்திற்குத் தள்ளப்படுதல் வேறு. ஓரத்தில் நிற்கத் தானே இசைதல் வேறு. முன்னது அநீதி, அதனைப் பொறுத்துக் கிடப்பதை முதிதை என்று அழைப்பவன் தம்மத்தைத் திரிக்கின்றான். சாலை எவர்க்கும் உரியதாக இருக்கும் இடத்திலேதான், ‘இன்று நீ ஓடு, நான் காண்கின்றேன்’ என்னும் சொல்லுக்கு அறத்தின் மதிப்பு உண்டு. சோணர் கதையில் எஞ்சிய பகுதியும் இதனையே காட்டுகின்றது. குருதி வடிந்த பாதங்களைக் கண்ட பகவான் அவர்க்குக் காலணி அணிய இசைவு தந்தார். சோணரோ, சங்கத்தார் அனைவர்க்கும் அவ்வுரிமை அளிக்கப்பட்டாலன்றித் தாம் அதனைக் கொள்ளேன் என்றார். அதன்பேரில் பகவான் அனைவர்க்குமே காலணியை அனுமதித்தார். உரிமையை யாவர்க்குமாகக் கேட்டவர்க்கே பிறர் ஆக்கங் கண்டு உவக்கும் தகுதி முழுமையாக உண்டு.

2004-இல் தொடங்கி நடைபெற்றுவரும் மும்பை மாரத்தானை நினைத்துப் பாருங்கள். சாலையோரத்தில் நிற்போர் தண்ணீரை நீட்டுகின்றனர். ஓடுவோன் அதனை வாங்கி, நில்லாது பருகிச் செல்கின்றான். கொடுத்தவர் எந்தக் குலம் என்று அவன் கேட்பதில்லை. வாங்கியவன் எவன் என்று அவரும் கேட்பதில்லை. இதே மராட்டிய நாட்டில் மகாட் ஊரின் பொதுக்குளத்து நீரைப் பருகும் உரிமைக்காக 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் பல்லாயிரவரை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஒரு குவளைத் தண்ணீர் எத்துணைப் பெரிய பொருள் என்பதை நம்மைவிட அறிந்தவர் யாவர்? பந்தயச் சாலையில் சில மணி நேரம் நிகழ்வது, ஊர்க் கிணற்றிலும் தேநீர்க் கடையிலும் நாள்தோறும் நிகழ வேண்டும்; அதுவரை நம் ஓட்டம் முடியவில்லை.

ஆகவே நோயுற்றோ களைத்தோ ஓய்ந்திருக்கும் இளைஞரும், ஓடும் வயது கடந்த பெரியோரும், பந்தய நாளில் வீட்டினுள் முடங்கியிருக்க வேண்டா. கையில் நீருடன் சாலையோரம் செல்க. முதலில் வருவோனை மட்டும் கண்டு திரும்பாதீர்கள். 1968-இல் மெக்சிகோ நகரில் டான்சானிய வீரர் ஜான் ஸ்டீபன் அக்வாரி, விழுந்து அடிபட்ட காலில் கட்டுடன், வென்றவர் வந்து ஒரு மணி நேரத்திற்கு மேல் கழித்துக் கடைசியாக அரங்கினுள் நுழைந்தார். பலரும் சென்றுவிட்ட அரங்கில், இருந்த சிலரே அவரைக் கைதட்டி வரவேற்றனர். கடைசி மனிதன் வரும்வரை நிற்கும் பொறுமை எவர்க்கு உண்டோ, அவர்க்கே முதிதை கைகூடும். அத்தகைய காண்டல் வேடிக்கை அன்று. அதுவும் ஒரு பாவனையே. அதனைப் பயில்வோமாக.