டிரைடன் கட்சி மாறினாரா?

1658 நவம்பரில் லண்டனில் ஆலிவர் கிராம்வெல்லின் இறுதி ஊர்வலம். மன்னர் முதலாம் சார்லஸின் மரண உத்தரவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் அவர். ஊர்வலத்தில் நடக்க வேண்டியவர்களின் பட்டியலில், அவருடைய அரசில் வேலை பார்த்த மூன்று கவிஞர்கள் இருந்தார்கள்: கண் தெரியாத மில்டன், மார்வெல், 27 வயது டிரைடன்.

கிராம்வெல்லைப் புகழ்ந்து டிரைடன் எழுதிய இரங்கற்பா 1659-ல் அச்சானது. அடுத்த வருஷமே மன்னராட்சி திரும்பியது. இரண்டாம் சார்லஸை வரவேற்று ஒரு நீளமான கவிதை வந்தது. எழுதியவர் அதே டிரைடன். மில்டனோ சிறைக்குப் போனார், அவருடைய புத்தகங்கள் எரிக்கப்பட்டன.

அந்த நூற்றாண்டின் ஆங்கிலக் கவிதையை நானாகப் படிக்க ஆரம்பித்தபோது இது எனக்கு ரொம்பச் சுலபமான கணக்கு. மில்டன் நேர்மையானவர், டிரைடன் பிழைக்கத் தெரிந்தவர். அவ்வளவுதான்.

நாடகங்களுக்குள் போனதும் கணக்கு உதைத்தது. 1642-ல் மூடப்பட்ட லண்டன் அரங்குகள் 18 வருஷம் கழித்துத்தான் முறையாகத் திறந்தன. ராஜா அனுமதி கொடுத்ததோ இரண்டே கம்பெனிகளுக்கு. அதில் ஒன்றுக்கு வருஷம் மூன்று நாடகம் தருவதாக டிரைடன் ஒப்பந்தம் போட்டார். மில்டன் வீட்டில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல யாராவது எழுதிக்கொண்டால் போதும். நாடகக்காரனுக்கு மேடை வேண்டும், நடிகர்கள் வேண்டும், ராஜாவின் தயவும் வேண்டும்.

இப்படி அவருக்காக நான் வாதாடுவதில் ஒரு சுயநலம் இருக்கிறது. எங்கள் கம்பெனி கைமாறியபோது பழைய மேனேஜருக்கு உருக்கமாக மெயில் எழுதியவன் நான். மூன்றே வாரத்தில், அவர் எடுத்த முடிவுகளில் என்னென்ன தப்பு என்று புதியவருக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினேன். வீட்டு லோன் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டிரைடனின் கதை அங்கே முடியவில்லை. 1685-ல் கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் ராஜாவானார். டிரைடனும் கத்தோலிக்கரானார். ஊர் சிரித்தது. 1688-ல் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓட, புராட்டஸ்டன்ட் வில்லியம் வந்தார். ஒரு விசுவாசப் பிரமாணம் எடுத்திருந்தால் போதும். டிரைடன் எடுக்கவில்லை. அவருடைய அரசவைக் கவிஞர் பதவி, அவர் கிண்டலடித்து எழுதிய ஷாட்வெல்லுக்கே போனது. அறுபதை நெருங்கும் வயதில் பிழைப்புக்காக மறுபடி நாடகம், மொழிபெயர்ப்பு. 1697-ல் வந்த தன் வர்ஜில் மொழிபெயர்ப்பை வில்லியமுக்குச் சமர்ப்பிக்கவும் மறுத்துவிட்டார். பதிப்பாளர் டான்சன் விடுவாரா? படங்களில் கதாநாயகன் ஈனியஸின் மூக்கைத் திருத்தி, வில்லியமின் வளைந்த மூக்காக மாற்றி அச்சிட்டார்.

இதனால் 1660-ன் டிரைடன் உத்தமராகிவிட மாட்டார். உள்நாட்டுப் போரில் களைத்த தேசமே அன்று ராஜாவை வரவேற்றது; அவரும் மனசாரவே வரவேற்றிருக்கலாம். லாபம் இருந்ததாலேயே அதைப் பொய் என்று நாம் சொல்ல முடியாது. லாபம் இருந்ததாலேயே அதை உண்மை என்று அவராலும் நிரூபிக்க முடியாது. நம்பிக்கையும் வருமானமும் ஒரே பக்கம் போகும்வரை, எது எதை இழுக்கிறது என்று வெளியாருக்குத் தெரியாது. நமக்கே தெரியாது. இரண்டும் பிரியும் நாள் டிரைடனுக்கு முப்பது வருஷம் கழித்து வந்தது.

அந்த ஸ்லைடில் நான் போட்டதை நான் உண்மையிலேயே நம்பினேனா? நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த வருஷம் எனக்கு இன்க்ரிமென்ட்டும் வந்தது.