புகைக்குப் பழகுவதா?

எதற்கும் பழகிக்கொள்பவன்தான் பிழைப்பான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். விலங்குகளையும் பூச்சிகளையும் காட்டித்தான் அந்தப் புத்திமதியைச் சொல்வார்கள். அவை எப்படிப் பழகின என்று கிட்டப் போய்ப் பார்த்தால் மனசு கொஞ்சம் கலங்கத்தான் செய்கிறது.

இங்கிலாந்தில் ஓர் அந்துப்பூச்சி உண்டு. வெள்ளைச் சிறகில் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள். பகலெல்லாம் மரத்தில் அசையாமல் ஒட்டிக்கிடக்கும். மரப்பட்டையில் வெளிர்நிற லைக்கன் படர்ந்திருக்கும். நாம் குழம்பில் போடும் கல்பாசியும் அந்த வகைதான். அதன்மேல் இருக்கும் பூச்சி பறவைகளின் கண்ணில் எளிதில் படாது. ஆலைகள் பெருகியபோது நிலக்கரிப் புகையில் லைக்கன் அழிந்தது. மரங்களில் கரி படிந்தது. 1848இல் மான்செஸ்டரில் கறுப்புப் பூச்சி ஒன்று பதிவானது. 1895 வாக்கில் அந்த வட்டாரத்தில் நூற்றுக்கு 98 பூச்சிகள் கறுப்பு.

எந்த வெள்ளைப் பூச்சியும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வெள்ளையாகப் பிறந்தவற்றைப் பறவைகள் தேடித் தின்றன. தற்செயலாகக் கறுப்பாகப் பிறந்தவை தப்பி, முட்டையிட்டுப் பெருகின. தகவமைப்பு என்று பாடப்புத்தகம் ஒரு சொல்லில் முடித்துவிடுவதற்குள் அத்தனை தலைமுறைச் சாவும் அடங்கியிருக்கிறது. திபெத்தின் உயரத்தில் குறைந்த ஆக்சிஜனில் வாழ உதவும் மரபணுவும் அங்குள்ள மக்களிடம் இப்படித்தான் பரவியது. பிழைத்தவர்களின் பிள்ளைகளைப் பார்த்து நாம் வியக்கிறோம். பிழைக்காதவர்களுக்கு வாரிசு இல்லை, கதையும் இல்லை.

மனிதனுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. நுரையீரல் பழகட்டும் என்று அந்த நாட்டினர் விட்டுவிடவில்லை. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீட்டு அடுப்புகளின் கரும்புகைக்கும் கட்டுப்பாடு வந்தது. காற்று தெளியத் தெளிய மரங்களும் வெளுத்தன. வெள்ளைப் பூச்சிகள் மறுபடி பெருகின.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு குப்பைமேடு ஓயாமல் புகைகிறது. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் "போகப்போகப் பழகிடும்" என்கிறார்கள், வீட்டில் இன்ஹேலர் வைத்திருப்பவர்கள்கூட. வெயிலுக்கும் மூப்புக்கும் பழகித்தான் ஆகவேண்டும். மனிதன் மூட்டிய புகையை மனிதனால் அணைக்க முடியும். அதற்கும் பழகிக்கொள் என்று யாராவது சொன்னால், பழக முடியாமல் போகிறவர்கள் யார் யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் குழந்தைகளும் முதியவர்களுமாகத்தான் இருப்பார்கள்.