முதல் நன்மைக்கு உரிய வயது

குழந்தை எந்த வயதில் முதல் நன்மை வாங்கலாம்? கிறிஸ்தவ உலகம் இதற்கு ஒரே விடை கூறியதில்லை. கீழைத் திருச்சபைகள் கைக்குழந்தைக்கும் நற்கருணை வழங்குகின்றன. கத்தோலிக்கர் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயதுவரை காத்திருக்கச் செய்தனர். 1910இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் அதனை ஏழு வயதளவுக்குக் குறைத்தார். சாதாரண அப்பத்தினின்று நற்கருணையைப் பிரித்தறியும் அறிவே போதும் என்பது அவர் முடிவு.

அறிவு மட்டும் போதுமா? கொரிந்து நகரச் சபையைப் புனித பவுல் கண்டித்தது மறைக்கல்வி கல்லாத சிறுவருக்காக அன்று. ஏழைகள் பசித்திருக்க, ஆண்டவரின் பந்தியிலேயே தாம் மட்டும் உண்டு குடித்த பெரியவர்களுக்காக.

முசலியை எண்ணிப் பார்ப்போம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இங்கு வாழ்ந்த முஸ்லிம்களை வெளியேற்றினர். 2007இல் அரச படையினர் முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கரை வெளியேற்றினர். பின்னர் அங்கே கடற்படைத் தளம் எழுந்தது. துரத்திய கைகள் வேறு. வீடிழந்தோர் கண்ணீர் ஒன்றே. இம்மண்ணில் மறைக்கல்வி பெறும் பிள்ளை முள்ளிக்குளத்துக்காக வருந்தக் கற்றுக்கொள்ளும். அயலூர் முஸ்லிமுக்காகவும் வருந்த அதற்கு யார் கற்பிப்பார்?

பகிர்தலே அப்பந்தியின் பொருளெனில், மனனம் செய்த செபங்களைவிட இவ்வுணர்வே மேலான ஆயத்தம். அதனைப் பிள்ளைக்கு ஊட்டும் கடமை பெரியவர்களுடையது. ஆகவே வயதைப் பற்றிய கேள்வியும் முதலில் அவர்களையே சாரும்.