பல்லியமும் அறமும்: கூட்டிசை ஆக்கத்தில் ஒருவர் வரைவும் பலர் உரிமையும்

முன்னுரை

இசையாக்கம் அழகியல் சார்ந்த செயல் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஒருவர் தாமே புனைந்து தாமே இசைக்கும்போது அக்கருத்துப் போதுமானதாகலாம். ஆனால், எண்பது கலைஞர்கள் கூடி இசைப்பதற்கென ஒருவர் புதிய ஆக்கமொன்றை எழுதும்போது அங்கு அறவினா ஒன்றும் உடன் எழுகின்றது. பிறர் எங்கு மூச்செடுக்க வேண்டும், எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும், எங்கு வாளாவிருக்க வேண்டும் என்பவற்றை ஒருவர் முன்னரே வரையறுத்தல் முறையாகுமா? முறையெனின், அவ்வுரிமை அவருக்கு எதனால் வாய்க்கிறது? இவ்வினாக்களை இந்தியக் கூட்டிசை முயற்சிகள் சிலவற்றையும் சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

மனோதர்மமும் எழுதப்பட்ட சுரமும்

கருநாடக இசையிலும் இந்துஸ்தானி இசையிலும் இசைப்பவர் ஒருவகையில் ஆக்குநரும் ஆவார். கற்ற உருப்படியை ஒப்பிப்பதோடு அவர் பணி முடிவதில்லை. அவையில் அந்நேரத்தில் தோன்றும் கற்பனையே அவருடைய தகுதியை நிறுவுகிறது. எனவே, இம்மரபில் வளர்ந்த கலைஞர் முன் முழுதும் எழுதப்பட்ட தாளை வைப்பது அவரிடமிருந்து ஒன்றைப் பெற்றுக்கொள்வதாகும்.

அகில இந்திய வானொலி 1952ஆம் ஆண்டு தில்லியில் வாத்திய விருந்தா என்னும் தேசிய இசைக்குழுவை அமைத்தபோது இச்சிக்கல் நேர்முகமாக வெளிப்பட்டது. பண்டிதர் ரவிசங்கர் அதன் தொடக்ககால இசையமைப்பாளர். இசை நடத்துநரும் அவரே. பல வீணைகளும் வயலின்களும் ஒரே தொடரை இசைக்கும்போது அனைவருடைய கமகமும் ஒத்திருத்தல் வேண்டும். தனிக் கச்சேரியில் ஒருவரை அடையாளம் காட்டும் அசைவு இங்கே பிழையாகிவிடுகிறது. தனித்தன்மை ஓரிடத்தில் சிறப்பாகவும் மற்றோரிடத்தில் குற்றமாகவும் கொள்ளப்படுவது வெறும் நுட்பச் சிக்கல் அன்று.

ரவிசங்கர் 1971இல் லண்டன் சிம்பொனி இசைக்குழுவுக்கென ஆக்கிய சிதார் கன்செர்ட்டோவில் இதற்கு ஒரு தீர்வைக் காணலாம். குழுவினரின் பகுதிகள் எழுதப்பட்டுள்ளன. சிதாருக்கோ கற்பனைக்கு இடம் விடப்பட்டுள்ளது. எனினும் இத்தீர்வு முழுமையானதன்று. விடுதலை ஒருவருக்கும் வரையறை ஏனையோர் அனைவருக்கும் என்னும் பங்கீடு நம் வினாவை இன்னும் கூர்மையாக்குகின்றது.

எழுத்து பறிப்பதை மட்டும் கூறி, அது தருவதைக் கூறாதுவிடின் ஆய்வு ஒருதலைப்பட்சமாகும். 2025ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. அதனை இசைத்த ராயல் ஃபில்ஹார்மோனிக் கச்சேரி இசைக்குழுவினர் ஆக்குநரின் மரபில் வளர்ந்தவர் அல்லர். அவர்களுக்கும் அவருக்கும் பொதுமொழியாக நின்றது எழுதப்பட்ட குறியே. கேள்வி வழியே மட்டும் கடத்தப்படும் இசை குருவின் அருகிருப்போர்க்கே எளிதில் கிட்டும்; எழுத்தோ தொலைவிலுள்ளோரையும் கூட்டாளிகளாக்குகிறது.

பகுதிக்குறிப்பும் பங்கீடும்

ஆர்கெஸ்ட்ராவில் முழு இசைக்குறிப்பு நடத்துநரிடம் இருக்கும். கலைஞர் முன்னுள்ள தாளில் பெரும்பாலும் அவர் பகுதி மட்டுமே காணப்படும்; இடையில் எத்தனை தாள அளவுகள் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது எண்ணாகத் தரப்படும். முழுமையைக் காணாது தம் கூற்றை மட்டும் செய்யும் தொழிற்கூடப் பணியாளர் நிலையோடு இதனை ஒப்பிடத் தோன்றலாம். ஆயின், அவ்வொப்புமை ஓரளவே பொருந்தும். இசைக்கலைஞர் முழுமையைத் தாளில் காணாவிடினும் செவியால் பெறுகிறார்; அதனைப் பெறாமல் தம் பகுதியைச் செம்மையாக இசைக்கவும் இயலாது.

பகுதிகள் சமமாக இருத்தல் வேண்டுமா என்பது அடுத்த வினா. துவோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனியில் (1893) சிம்பல் என்னும் பெருந்தாளம் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கிறது. அதன் பொருட்டு ஒரு கலைஞர் நெடுநேரம் காத்திருக்கிறார். வயலின் கலைஞரோ ஏறத்தாழ ஓய்வின்றி இசைக்கிறார். சுரங்களின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால் இஃது அநீதி. அவ்வோர் ஒலி அவ்விடத்தில் தேவைப்படுமாயின் அக்காத்திருப்பு இசையின் ஒரு கூறாகிவிடும். தேவையின்றி நிரப்பப்பட்ட நூறு சுரங்களே கலைஞரை இழிவுபடுத்தும். எனவே, கூட்டிசையில் நீதி என்பது சம அளவு அன்று. ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட ஒலிக்குக் காரணம் இருத்தலே எனலாம்.

சிலம்பு வகுக்கும் தகுதி

பல கருவிகள் கூடியொலிக்கும் ‘பல்லியம்’ தமிழுக்குப் புதிதன்று. முழவு, ஆகுளி, தூம்பு, குழல் முதலியவற்றைக் கூத்தர் சுமந்து செல்வதை மலைபடுகடாம் விரிக்கிறது. அரங்கேற்று காதையிலோ குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் பின்தொடர, ஆமந்திரிகை உடன்சேர்ந்து ஒலிக்கிறது. இவ்வரிசையில் ஒவ்வொரு கருவியும் தனக்கு முன்னுள்ள ஒலிக்கு இணங்கி நிற்கிறது. தனியொருவர் ஏவலுக்கு அன்று.

ஆடலுக்குத் துணையான அவ்விசையையும் தாளில் எழுதப்படும் இன்றைய ஆக்கத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், இளங்கோவடிகள் அரங்கேற்றத்திற்கு முன்பே ஆசிரியர்தம் தகுதிகளை நிரல்படக் கூறுவது ஈண்டு நோக்கத்தக்கது. இசையாசிரியன் யாழ், குழல், தாளம், மிடறு, தண்ணுமை, ஆடல் ஆகிய அனைத்தையும் அறிந்து, அவற்றோடு பாடலை இசைவிக்க வல்லவனாதல் வேண்டும். பிறர் கலையை அறிதலே பிறரை ஒருங்கிணைக்கும் தகுதி என்பது இதனால் பெறப்படும்.

முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடை இங்குள்ளது. புல்லாங்குழலின் தாழ்நிலை ஒலி மெல்லியது. அதன்மீது டிராம்போன்களை உரக்க ஒலிக்கச் செய்தால் குழலிசைப்பவரின் உழைப்பு எவர் செவிக்கும் எட்டாது. மூச்சுக்கு இடமின்றி நீளும் தொடரை ஓபோ கலைஞருக்கு எழுதுவதும் அத்தகையதே. இவற்றை நுட்பக்குறை என்பர். மற்றொருவரின் உடலையும் உழைப்பையும் கருதாமையே இவற்றின் வேராதலின் அறக்குறை என்றலே பொருந்தும்.

கணினியில் பதிவுசெய்த கருவியொலிகளைக் கொண்டு ஆக்கம் செய்வது இன்று பெருவழக்கு. கணினிக் குழலுக்கு மூச்சு வாங்குவதில்லை; ‘இஃது இயலாது’ என்று அது மறுப்பதுமில்லை. வாய்ப்பற்ற இளம் ஆக்குநர்க்கு அது பெருந்துணை என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், மறுமொழி கூறும் மனிதர் இல்லாத இடத்தில், அம்மறுப்பை ஆக்குநர் தாமே தமக்குள் எழுப்பிக்கொள்ள வேண்டியவராகிறார்.

முடிவுரை

கூட்டிசை ஆக்கத்தில் பிறர் செயலை வரையறுத்தல் தன்னளவில் அறமன்று எனக் கூறவியலாது. இசைப்பவரின் கருவியையும் உடலையும் ஆக்குநர் அறிந்திருத்தல், ஒவ்வோர் ஒலிக்கும் ஓய்வுக்கும் காரணம் இருத்தல், கலைஞர் இணங்குவது ஆளுக்கன்றி ஒலிக்காக அமைதல் ஆகிய மூன்றும் நிறைவேறுமிடத்து அவ்வரையறை முறையாகிறது. மனோதர்ம மரபினர்க்கு எழுதும் இந்திய ஆக்குநர்க்குக் கூடுதல் கடன் ஒன்றுண்டு. எதனை எழுத வேண்டும் என்பதோடு, எதனை எழுதாது கலைஞரிடமே விட வேண்டும் என்பதையும் அவர் துணிதல் வேண்டும். அத்துணிவை எந்த இலக்கணமும் அவருக்காக மேற்கொள்ள இயலாது.