இன்மையை அளத்தல்

இல்லாமை என்பது தனியொரு பொருளா, அன்றி இருப்பவற்றின் ஒரு நிலை மட்டுமா என்ற வினாவில் இந்தியத் தரிசனங்கள் நெடுங்காலமாக வேறுபட்டு நிற்கின்றன. தரையில் குடம் இல்லாதபோது அவ்வின்மையை 'அபாவம்' எனப் பெயரிட்டு ஏழாவது பதார்த்தமாக, அதாவது சொல்லால் சுட்டத்தக்க மெய்ப்பொருள் வகையாக, பிற்கால நியாய வைசேடிகர் எண்ணினர். திருவள்ளூர் வீரராகவர் கோயில் சார்ந்துள்ள வைணவ மரபின் விசிட்டாத்துவைதமோ, குடமின்மை வெறுந்தரையே என்று கூறி, அதனை இருக்கும் பொருளின் நிலைக்குள் அடக்கியது.

இவ்வினாவைச் சோதிக்க ஒரு மெக்கானிக்கின் வேலை உதவும். அக்கோயிலுக்கு அண்மையிலுள்ள மணவாள நகர் வட்டாரம் மோட்டார்த் தொழிலையும் அறிந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இல் திருவள்ளூர் ஆலையில் லான்சர் கார்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் பழைய அம்பாசிடர் பெட்ரோல் என்ஜினில், வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோலான ராக்கர் ஆர்முக்கும் வால்வுத் தண்டின் முனைக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி விடப்படுவதுண்டு. வால்வு முழுதும் மூடியிருக்கையில் ராக்கரிலுள்ள ஸ்க்ரூவின் லாக் நட்டைத் தளர்த்தி, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு இலேசான பிடிப்போடு நழுவும்வரை ஸ்க்ரூவைத் திருப்பி, நட்டை இறுக்கியபின் மறுபடியும் தகட்டைச் செருகிப் பார்ப்பதே டாப்பெட் அட்ஜஸ்ட் எனப்படும் வேலை. இடைவெளி மிகுந்தால் டக்டக்கென்று ஒலிக்கும். அறவே இல்லையெனில், சூட்டில் நீளும் வால்வு தன் இருக்கையில் முழுதும் பொருந்தாமல் விளிம்பு கருகும்.

விளைவுக்குக் காரணமாவதால் இன்மையும் மெய்யே என்று நியாய நூலார் இதனைச் சான்றாக்கலாம். ஆயின் கருகுதலுக்குக் காரணம் வால்வை விடாது அழுத்தும் ராக்கரும் கசியும் சூடான வாயுவுமே. இடைவெளியின் அளவும் தகடென்னும் உள்பொருளைக் கொண்டே அறியப்படுகிறது. இன்மையைத் தனிப்பொருளாகக் கொள்ளாமலே மெக்கானிக்கின் வேலையை முழுதும் விளக்கிவிட முடிவதால், இவ்வழக்கில் விசிட்டாத்துவைதத்தின் பக்கமே வலுவுடையது.