சுவரை ஒட்டிய நீர்

விடிவதற்கு முன். மலாக்காவின் டுரியான் துங்கால் இன்னும் விழிக்கவில்லை.

பைப்பைச் சற்றே திறக்கிறேன். நீர் கண்ணாடிக் கம்பி போல இறங்குகிறது. ஓடுகிறதா, நிற்கிறதா, கண்ணுக்குப் பிடிபடவில்லை. சத்தம் இல்லை.

இன்னும் கொஞ்சம் திருகல்.

நீர் வெளுக்கிறது. சிதறுகிறது. சத்தம் வருகிறது.

இரண்டுக்கும் நடுவில் விரல் நிற்கிறது.

*

மெல்ல ஓடும் நீர் அடுக்கடுக்காக நகர்கிறது. ஓரடுக்கின் மேல் மற்றோரடுக்கு வழுக்குகிறது. ஒன்றுக்குள் ஒன்று போவதில்லை. வரிச்சீர் ஓட்டம்.

வேகம் கூடுகிறது. அடுக்குகள் மடிகின்றன. எல்லாம் எல்லாவற்றோடும் கலக்கிறது. சுழற்சி ஓட்டம்.

நீர் அதே நீர்தான்.

*

அரை அங்குலக் குழாய். இந்த ஊரின் வெதுவெதுப்பான தண்ணீர். அது வரிச்சீராகவே ஓட வேண்டுமென்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.3 லிட்டர்.

10 லிட்டர் வாளி நிரம்ப ஏழெட்டு நிமிடம்.

வேலைக்குப் போகிற வீட்டில் யாரும் அவ்வளவு நேரம் வாளியருகே நிற்பதில்லை. குளிக்கும் நீர், அரிசி களையும் நீர், எல்லாம் சுழன்றே வருகிறது.

*

1883. மான்செஸ்டர். ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் நீர்த்தொட்டிக்குள் கண்ணாடிக் குழாயை வைக்கிறார். குழாயின் வாயில் சாயத்தை மெல்ல விடுகிறார்.

சாயம் நேர்க்கோடாகப் போகிறது. குழாயின் கடைசிவரை ஒரே கோடு.

வேகத்தைக் கூட்டுகிறார். ஓரிடத்தில் கோடு நடுங்குகிறது. பிறகு கோடு இல்லை. குழாய் முழுக்க நிறம்.

மின்பொறியின் வெளிச்சத்தில் மறுபடி பார்க்கிறார். நிறத்துக்குள் தனித்தனிச் சுருள்கள்.

*

வேகம், குழாயின் விட்டம், நீர்மத்தின் அடர்த்தி, பிசுபிசுப்பு. நான்கும் சேர்ந்து ஓர் எண். ரெனால்ட்ஸ் எண்.

அது 2000-த்தைத் தாண்டிய பிறகு அமைதி நிச்சயமில்லை. பாடப்புத்தகங்கள் 2300 என்று எழுதுகின்றன.

ரெனால்ட்ஸ் தொட்டி நீரை நெடுநேரம் அசையாமல் விட்டுவைத்தார். 13,000 வரை கோடு கலையவில்லை.

பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அதே கருவியில் திரும்பச் செய்து பார்த்தார்கள். கோடு அதற்கு முன்பே கலைந்தது. வெளியே தெருவில் வண்டிகள் பெருகியிருந்தன.

*

லாரி ஒன்று போகிறது. ஜன்னல் மெல்ல அதிர்கிறது.

அதிர்வு நிற்கிறது.

*

குழாய்ச் சுவரைத் தொடும் நீர் நகர்வதில்லை.

எவ்வளவு வேகமாகத் திறந்தாலும் அப்படித்தான். சுவரில் வேகம் பூஜ்யம். அதற்கு அடுத்தது சற்றே நகர்கிறது. அதற்கடுத்தது இன்னும் சற்று. வரிச்சீர் ஓட்டத்தில் நடுநீரின் வேகம் சராசரியைப் போல இரு மடங்கு.

நிற்கும் நீர், ஓடும் நீரை இழுத்துப் பிடிக்கிறது. உராய்வு அங்கிருந்து தொடங்குகிறது.

*

பால்மரக்காடு. இருட்டில் நெற்றி விளக்குகள் நகர்கின்றன.

1896-இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் வணிக ரப்பர் அங்கே தொடங்கியது. பிறகு தோட்டங்கள். லயங்கள். பெரட்டுக் களத்தில் தமிழ்ப் பெயர்கள். இப்போது பல இடங்களில் செம்பனை.

கத்தி பட்டையைச் சீவுகிறது. வெள்ளை கசிகிறது. சரிந்த கோட்டின் வழியே இறங்கி மங்குக் கிண்ணத்தில் விழுகிறது. இங்கே அவசரம் இல்லை.

*

பட்டைக்குள்ளும் குழாய்கள். அகலம் சில பத்து மைக்ரான் மட்டுமே. அவ்வளவு குறுகலில் எதுவும் சுழல முடியாது. பால் அடுக்கடுக்காகவே வருகிறது.

விடிவதற்கு முன் அவற்றுள் ஏறத்தாழ பத்து வளிமண்டல அழுத்தம். வெயில் ஏறினால் இலைகள் நீரை விடுகின்றன. அழுத்தம் இறங்குகிறது. வெட்டுக்காரர்கள் இருட்டில் போவது இதற்காக.

பாலில் மிதக்கும் நுண்பைகள் உடைகின்றன. சுவரோரத்து இழுப்பும் அவற்றை உடைக்கிறது. உடைந்தவை குழாயின் வாயை அடைக்கின்றன. ஓட்டம் தானே நிற்கிறது.

மங்கின் அடியில் கட்டிப்பால்.

*

பாரிஸில் ஒரு மருத்துவர், புவாசெய். இரத்தம் நுண்குழாயில் எப்படிப் போகிறது என்று அறிய, 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு அளக்கிறார்.

விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகிறது. வரிச்சீர் ஓட்டத்தின் கணக்கு இது.

பாதி என்றால் பாதி என்றே மனம் நினைக்கிறது.

*

1933. கோட்டிங்கன். நிக்குராட்சே குழாய்களின் உட்புறத்தில் சலித்த மணலை ஒட்டுகிறார். பிறகு நீரை விடுகிறார்.

மெல்ல ஓடும் நீருக்கு அந்த மணல் தெரிவதில்லை. வழவழப்பான குழாயில் எவ்வளவு உராய்வோ அவ்வளவே.

விரைந்து சுழலும் நீர் ஒவ்வொரு மணலிலும் இடறுகிறது.

*

சாலைக்கு அடியில் பெரிய குழாய். 600 மில்லிமீட்டர் விட்டம், நொடிக்கு 1 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் ரெனால்ட்ஸ் எண் ஏழு லட்சத்தைத் தாண்டுகிறது.

மேலே தார். தாரின் மேல் நாய் ஒன்று தூங்குகிறது.

*

வரிச்சீர் ஓட்டத்தில் வேகம் இரட்டித்தால் உராய்வின் இழப்பும் இரட்டிக்கிறது. சொரசொரப்பான குழாயில் சுழலும் நீருக்கு அது நான்கு மடங்கு.

இழந்தது எங்கே போகிறது? வெப்பமாகிறது. 100 மீட்டர் உயரத்தின் அழுத்தம் முழுவதும் உராய்வில் தீர்ந்தாலும், நீர் கால் டிகிரிகூடச் சூடாவதில்லை.

கையை நீட்டுகிறேன். எதுவும் தெரியவில்லை.

*

1991. டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றியது. மலாக்கா தண்ணீருக்குத் தவித்தது.

இப்போது ஜொகூரின் மூவார் ஆற்றுநீரும் குழாய்வழியே மலாக்காவுக்கு வருகிறது. வழியெல்லாம் உராய்வு. உராய்வுக்கு ஈடாகப் பம்புகள்.

*

தண்ணீர் நின்று திரும்பும் நாளில் முதலில் காற்று வருகிறது. பைப்பு இருமுகிறது. துருநிறம் கொஞ்சம். பிறகு தெளிவு.

காத்திருப்பதில் எண்ணம் ஒன்று எழுகிறது. போகிறது. இன்னொன்று.

*

2011. பியோர்ன் ஹோஃப் குழுவினர் நீண்ட, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் சுழல் திட்டுகளைக் கவனிக்கிறார்கள். அமைதியான நீரின் நடுவே சிறு கலக்கம். அது நீரோடு போகிறது.

சில திட்டுகள் அடங்குகின்றன. சில இரண்டாகப் பிரிகின்றன. ரெனால்ட்ஸ் எண் 2040-ஐ ஒட்டி அடங்குவதும் பிரிவதும் சமமாகின்றன. அதற்குக் கீழே கலக்கம் கடைசியில் ஓய்கிறது. மேலே பரவுகிறது.

எத்தனை நேரத்தில் அடங்கும் என்பதற்குச் சராசரி உண்டு. ஒரு தனித்த திட்டு எந்த நொடியில் அடங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி இல்லை.